இரட்டைக் கருவும் ஒற்றை முடிவும்: மருத்துவத் தொடர்களில் கருப்பைக்குள் சிகிச்சை

2005 செப்டம்பரில் ‘கிரேஸ் அனாடமி’ தொடரின் இரண்டாவது சீசன் தொடங்கியபோது, சியாட்டல் மருத்துவமனைக்கு டாக்டர் அடிசன் வந்து சேர்ந்திருந்தார். நாயகன் டெரிக் ஷெப்பர்டின் மனைவி அவர். நாயகனுக்கு மனைவி இருப்பது தெரிந்ததும் காதல் கதை முக்கோணமாகிறது. கதாசிரியர்களுக்கு அவர் தேவைப்பட்டது அதற்காகத்தான். ஆனால் மருத்துவமனை அவரை வரவழைத்ததற்குக் கதைக்குள் வேறொரு காரணம் சொல்லப்படுகிறது. இரட்டைக் கரு சுமக்கும் ஒரு பெண்ணின் வயிற்றில், ஒரு கருவின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ரத்தக்குழாய்களைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகிலேயே வெகு சிலர்; அவர்களில் அடிசன் ஒருவர்.

அன்று அமெரிக்காவில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட தொடர்களில் ஒன்று அது. இப்படியொரு நோய் இருப்பதையும் அதற்குக் கருப்பைக்குள்ளேயே சிகிச்சை இருப்பதையும் பலர் அதில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். மருத்துவத் தொடர்களுக்கு நாம் இந்த நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் அவை இந்தச் சிகிச்சையைக் காட்டும் விதத்தில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. வெற்றியைக் காட்டவும் தோல்வியைக் காட்டவும் அவற்றுக்குத் தெரியும். ஆனால், சிக்கலான இரட்டைக் கர்ப்பங்களில் அடிக்கடி நேர்வது இவை இரண்டுமல்லாத மூன்றாவது முடிவு: ஒரு குழந்தை பிழைக்கிறது, ஒரு குழந்தை போய்விடுகிறது. அந்த முடிவைச் சொல்லத் தொடர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோய் என்ன?

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரில் பெரும்பாலோர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மொத்த இரட்டைக் கர்ப்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இவ்வகை. தாயிடமிருந்து உணவும் பிராணவாயுவும் வந்து சேரும் இடம் நஞ்சுக்கொடி. அது ஒன்றாக இருக்கும்போது, இரு கருக்களின் ரத்தக்குழாய்களும் அதன் பரப்பில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அந்த இணைப்பு கிட்டத்தட்ட எல்லா ஒற்றை நஞ்சுக்கொடி இரட்டையரிடமும் உண்டு. போக்கும் வரவும் சமமாக இருக்கும்வரை ஆபத்தில்லை.

இவ்வகைக் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்தில் அந்தச் சமநிலை குலைகிறது. ஒரு கரு கொடுத்துக்கொண்டே இருக்கிறது, மற்றது வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களில் ஒன்று காய, ஒன்று மூழ்குவது போன்றது இது. கொடுக்கும் கருவுக்கு ரத்தம் குறைவதால் சிறுநீர் குறைகிறது. அதனால் பனிக்குட நீர் வற்றிப்போய், கரு தன் சவ்வுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. வாங்கும் கருவுக்கு ரத்தம் மிகுந்து, சிறுநீர் பெருகி, பனிக்குடம் ஊதுகிறது; அதன் இதயம் சுமை தாங்காமல் திணறத் தொடங்குகிறது. எனவே வாங்கும் கரு பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணுவது தவறு. இரண்டுமே ஆபத்தில் இருக்கின்றன. இதற்கு ட்வின்–டு–ட்வின் டிரான்ஸ்ஃபியூஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக டிடிடிஎஸ், என்று பெயர். கர்ப்பத்தின் நடுக்காலத்தில் தீவிரமாக வரும் இந்நோயைச் சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலும் இரண்டு உயிரும் போகும்.

இதில் இன்னொரு அபாயமும் உண்டு. ஒரு கரு வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனால், பிழைத்திருக்கும் கருவின் ரத்தம் இணைப்புக் குழாய்கள் வழியாக இறந்த கருவின் உடலுக்குள் திடீரென வடிந்துவிடலாம். அதனால் இரண்டாவதும் இறக்கலாம், பிழைத்தாலும் மூளை பாதிக்கப்படலாம். அதனால்தான் இணைப்பைத் துண்டிப்பது சிகிச்சையின் மையமாகிறது. ஒருவரின் விதி மற்றவரின் விதியாகிவிடாமல் இருவரையும் தனித்தனியாக்குகிறார்கள்.

லேசர் வந்த வழி

கருப்பைக்குள் இருக்கும் சிசுவுக்குச் சிகிச்சை அளிக்கும் முயற்சி இரட்டையரிடம் தொடங்கவில்லை. 1963இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி, ரத்தப் பிரிவுப் பொருந்தாமையால் சோகைக்குள்ளான சிசுவுக்கு வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்றினார். 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசனின் குழு, கருப்பையைத் திறந்து, சிறுநீர்ப் பாதை அடைபட்ட சிசுவுக்கு அறுவைச் சிகிச்சை செய்தது. இரட்டையரின் ரத்தக்குழாய்களை லேசரால் மூடும் முறையை 1980களின் இறுதியில் ஜூலியன் டி லியா தொடங்கிவைத்தார். அப்போது அதற்குத் தாயின் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது, முழு மயக்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஈவ் வீல், கிப்ரோஸ் நிக்கோலைடிஸ் ஆகியோரின் குழு, வயிற்றைத் திறக்காமல் ஒரு மெல்லிய குழாயை மட்டும் செலுத்திச் செய்யும் முறையை வளர்த்தது. அதன் முடிவுகள் 1995இல் வெளியாயின. 1999இல் ரூபன் கின்டேரோ நோயின் தீவிரத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். உலகெங்கும் மருத்துவர்கள் இன்றும் அந்த நிலைகளைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

லேசருக்கு முன்பு பரவலாக இருந்த சிகிச்சை, ஊதிய பனிக்குடத்திலிருந்து ஊசி மூலம் நீரை எடுத்துவிடுவது. எது சிறந்தது என்று முடிவாகச் சொன்னது 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. 142 பெண்களை வைத்து நடந்த அந்த ஆய்வில், குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் வரை பிழைத்தது லேசர் பிரிவில் 76 சதவீதம், நீர் எடுத்த பிரிவில் 56 சதவீதம். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

‘கிரேஸ் அனாடமி’யில் அடிசன் வந்திறங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. உலகில் வெகு சிலரே செய்யக்கூடியது என்று தொடர் சொன்ன சிகிச்சை, அதற்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல மையங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு மேதையின் கைவண்ணத்தைவிட, பல நாட்டு மருத்துவர்கள் முடிவுகளைப் பகிர்ந்து, ஒப்பிட்டு, திருத்திக்கொண்டதுதான் அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

அறுவை அறையில் கண்ணுக்குத் தெரிவது

திரையில் கருப்பைக்குள் சிகிச்சை என்றால் நாம் பார்ப்பது திறந்த வயிறு, பளீரென்ற விளக்கு, கையுறைக்குள் நடுங்காத விரல்கள். டிடிடிஎஸ் லேசர் சிகிச்சை இப்படி நடப்பதில்லை. அறை பெரும்பாலும் மங்கலாக இருக்கும், எல்லோர் பார்வையும் திரைகளில் இருக்கும். தாய்க்கு வயிற்றுத் தோலை மட்டும் மரக்கச் செய்தோ, முதுகில் ஊசி போட்டோ செய்கிறார்கள். பல நேரங்களில் அவர் விழித்தே இருக்கிறார். ஒரு திரையில் ஸ்கேன் காட்சி ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே, வாங்கும் கருவின் பனிக்குடத்துக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபீட்டோஸ்கோப் என்னும் கேமராக் குழாயைச் செலுத்துகிறார் மருத்துவர்.

இரண்டாவது திரையில் நஞ்சுக்கொடியின் பரப்பு தெரிகிறது. அதில் கிளைவிட்டு ஓடும் ரத்தக்குழாய்களில் எது யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நம் உடலில் நாம் பழகிய நிறக் கணக்கு இங்கே தலைகீழ். கருவிலிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் தமனியில் பிராணவாயு குறைந்த ரத்தம் ஓடுவதால் அது கருத்திருக்கும். திரும்பி வரும் சிரை சிவந்திருக்கும். தமனி பெரும்பாலும் சிரையின் மேலாகக் கடந்து போகும். இந்த அடையாளங்களை வைத்து ஒவ்வொரு குழாயையும் தொப்புள்கொடி வரை பின்தொடர்ந்து, ஒருவரின் குழாய் இன்னொருவரின் குழாயைச் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் லேசர் பட்டதும் சிவப்பு மறைந்து வெண்மை படர்கிறது. குழாய் மூடிக்கொண்டது.

எல்லாச் சந்திப்புகளையும் மூடிய பிறகு, அவற்றை இணைத்து நஞ்சுக்கொடியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கோடு போடுவதுபோல் லேசரை நகர்த்துவது சாலமன் முறை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இணைப்புகளும் அதில் அறுபடும். 274 பெண்களை வைத்து நடந்து 2014இல் வெளியான ஆய்வு, இம்முறையில் நோய் திரும்புவது 7 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்ததாகக் காட்டியது. கடைசியாக மிகையான நீரை வடித்துவிட்டு, குழாயை வெளியே எடுக்கிறார்கள். மொத்தமும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

பதற்றம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மறுநாள் ஸ்கேனில் இரண்டு இதயத்துடிப்புகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கொடுத்துக்கொண்டிருந்த கருவின் சிறுநீர்ப்பை நிரம்பத் தொடங்குகிறதா, வாங்கிக்கொண்டிருந்த கருவின் இதயம் ஆறுகிறதா என்று வாரக்கணக்கில் கவனிக்க வேண்டும். குழாய் நுழைந்த துளையால் பனிக்குடம் முன்கூட்டியே உடைவது இச்சிகிச்சையின் மிகச் சாதாரணமான சிக்கல். பிரசவம் பெரும்பாலும் எட்டாம் மாதவாக்கிலேயே நேர்ந்துவிடுகிறது. அடுத்து இன்குபேட்டர் நாட்கள், அடுத்து குழந்தை நடக்கிறதா பேசுகிறதா என்ற ஆண்டுகள். இதன் நாடகம் முழுவதும் காத்திருப்பில் இருக்கிறது. நாற்பது சொச்சம் நிமிடத் தொடருக்குக் காத்திருப்பைக் காட்டுவது கடினம். அதனால் அது கத்திக்குத் தாவுகிறது.

மேதையின் கதை

அடிசனைத் தொடர் அறிமுகப்படுத்திய விதம் ஒரு வார்ப்பை உருவாக்கியது. மகப்பேறு, கருநிலை மருத்துவம், பச்சிளங்குழந்தை அறுவை என்று நிஜத்தில் தனித்தனி ஆட்கள் செய்யும் வேலைகள் அவர் ஒருவரிடமே குவிந்தன. 2007 முதல் 2013 வரை ஓடிய ‘பிரைவேட் பிராக்டிஸ்’ தொடர் அவரையே மையமாகக் கொண்டது. 2014–15இல் வந்த ‘கிரேஸ் அனாடமி’யின் பதினோராவது சீசனில், ஜீனா டேவிஸ் நடித்த டாக்டர் நிக்கோல் ஹெர்மன் அதே வார்ப்பை இன்னும் உச்சத்துக்குக் கொண்டுபோனார். மூளையில் கட்டி, நாட்கள் எண்ணப்படுகின்றன, அதற்குள் தன் கலையை முழுவதும் மாணவி அரிசோனா ராபின்ஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் ஹெர்மன் உயிர்பிழைத்தாலும் பார்வையை இழக்கிறார்.

இந்தப் பாத்திரங்களிடம் மதிக்க வேண்டியது நிறைய உண்டு. ஆண்களே கோலோச்சிய அறுவைத் துறையில் மிகச் சிக்கலான பணியைச் செய்பவர்களாக மூன்று பெண்களை நிறுத்தியது சிறிய காரியமல்ல. ஹெர்மன்–அரிசோனா கதை, ஒரு திறன் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போகும் வலியையும் அழகாகச் சொன்னது. ஆனால் அறிவு ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கிறது, அவர் போனால் அதுவும் போய்விடும் என்ற கற்பனை பார்ப்பவருக்கு ஒரு தவறான பாடத்தைச் சொல்கிறது. ஸ்கேன் நிபுணர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர், பச்சிளங்குழந்தை மருத்துவர், ஆலோசகர் எனப் பலர் சேர்ந்தால்தான் இந்தச் சிகிச்சை நடக்கும். தன் குழந்தைகளுக்காக அலையும் ஒரு குடும்பம் தேட வேண்டியது இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்துவரும் ஒரு குழுவை. தேவதூதர் ஒருவரைத் தேடினால் நாட்கள் கழிந்துவிடும். டிடிடிஎஸ் நாட்கணக்கில் முற்றக்கூடிய நோய்.

விரலைப் பற்றிய கை

இரட்டையர் கதை அல்ல என்றாலும், கருப்பைக்குள் சிகிச்சையைப் பற்றிய தொலைக்காட்சிக் காட்சிகளில் குறிப்பிடத்தக்கது 2007 ஏப்ரலில் வந்த ‘ஹவுஸ்’ தொடரின் ஓர் எபிசோட். புகைப்படக் கலைஞரான கர்ப்பிணிக்கு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. சிசுவின் நோய் தாயின் உடலில் எதிரொலிக்கும் அரிய நிலை அது. இந்த நிலை கற்பனையல்ல. டிடிடிஎஸ் முற்றி, வாங்கும் கருவின் உடலில் நீர் கோத்துக்கொள்ளும்போதும் தாய்க்கு அது வரக்கூடும். தொடரில் கருப்பையைத் திறந்து அறுவை நடக்கிறது. நடுவில் தாயின் இதயம் நிற்கிறது. தொப்புள்கொடியை இறுக்கித் தாயை மட்டும் காப்பாற்றலாம் என்கிறார் தொடரின் நாயகன் டாக்டர் ஹவுஸ். உடனிருக்கும் டாக்டர் கடி மறுக்கிறார். இருவரும் பிழைக்கிறார்கள். அந்தக் காட்சியில், திறந்த கருப்பையிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கை நீண்டு ஹவுஸின் விரலைத் தொடுகிறது.

இதற்கு முன்மாதிரி ஒரு நிஜப் புகைப்படம். 1999இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில், முதுகுத்தண்டுப் பிளவுள்ள 21 வாரச் சிசுவுக்கு அறுவை நடந்தபோது எடுக்கப்பட்டது. உலகெங்கும் பரவிய அந்தப் படத்தைச் சிசு தானாகக் கைநீட்டி மருத்துவரின் விரலைப் பற்றியதாகவே பலர் பார்த்தார்கள். அறுவை செய்த டாக்டர் ஜோசப் ப்ரூனரோ, தாய்க்குக் கொடுத்த மயக்கம் சிசுவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, அது அசையும் நிலையில் இல்லை என்று விளக்கினார். தொடர் அந்த விளக்கத்தை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டது.

இந்தக் காட்சியைப் பார்த்துக் கண் கலங்குவதில் தவறில்லை. ஆனால் கேமரா கையைக் காட்டும்போது தாய் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார். கருப்பைக்குள் எந்தச் சிகிச்சையும் தாயின் உடல் வழியாகத்தான் நடக்க முடியும். முதுகுத்தண்டுப் பிளவுக்கான திறந்த அறுவையைப் பற்றி 2011இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, குழந்தைகளுக்குக் கிடைத்த நன்மையையும் தாய்மார் கொடுத்த விலையையும் சேர்த்தே சொன்னது. மூளைநீரை வடிக்கும் குழாய் தேவைப்பட்ட குழந்தைகள் 82 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தார்கள். அதே நேரம் குறைப்பிரசவம் கூடியது, பல தாய்மாரின் கருப்பைத் தழும்பு மெலிந்தது. அப்படித் தழும்பேறிய கருப்பைக்கு அடுத்த பிரசவமும் அறுவையாகவே இருக்க வேண்டும். லேசரில் தாய்க்கு இந்த அளவு பாதிப்பு இல்லை. ஆனால் தொலைக்காட்சி எப்போதும் திறந்த கருப்பையையே காட்டுவதால், லேசர் என்று கேட்டதும் ஒரு கர்ப்பிணியின் மனத்தில் எழுவது அந்தப் பெரிய அறுவையின் அச்சம்தான்.

சொல்லப்படாத மூன்றாவது முடிவு

2004இன் ஐரோப்பிய ஆய்வுக்கே திரும்புகிறேன். அதில் லேசர் பெற்ற 72 தாய்மாரின் நிலையை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டு குழந்தைகளும் பிழைத்தது 36 சதவீதத்தில். இரண்டும் போனது 24 சதவீதத்தில். ஒன்று மட்டும் பிழைத்தது 40 சதவீதத்தில். மூன்றில் மிகுதியாக நேர்ந்தது இந்தக் கடைசி முடிவுதான். இன்று நிலைமை வெகுவாக மேம்பட்டிருக்கிறது. அனுபவமுள்ள மையங்களில் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் இருவருமே பிழைக்கிறார்கள். ஆனாலும் ஒன்று மட்டும் மிஞ்சும் வீடுகள் இன்றும் ஏராளம்.

அந்த வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். வாழ்த்தவும் துக்கம் கேட்கவும் உறவினர்கள் ஒரே நாளில் வருகிறார்கள். இறந்த கருவைத் தாய் பிரசவம்வரை, உயிருள்ள குழந்தையோடு சேர்த்தே சுமந்திருக்கலாம். ‘ஒன்றாவது கிடைத்ததே’ என்று ஆறுதலாகச் சொல்லப்படும் வார்த்தை அவருக்குக் குத்தலாகப் படுகிறது. பிழைத்த பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளும் இன்னொரு பிள்ளையின் நினைவு நாளாகவும் இருக்கிறது. கதை எழுதுபவருக்கு இதைவிடச் செழிப்பான களம் கிடைக்குமா? ஆனால் தொடர்களின் கட்டமைப்பு இதற்கு இடம் தருவதில்லை. வாராவாரம் வரும் நோயாளி எபிசோடின் முடிவில் வெளியேறிவிட வேண்டும். மகிழ்ச்சியோ அழுகையோ ஏதோ ஒன்றோடு பின்னணி இசை உயர வேண்டும். இரண்டும் கலந்த நிலைக்கு ஓர் இசை இல்லை.

இன்னும் கடினமானது, முடிவெடுக்க வேண்டிய தருணம். சில கர்ப்பங்களில் லேசரே போதாது. ஒரு கருவின் வளர்ச்சி மிகவும் பின்தங்கியிருக்கலாம், அல்லது இதயமே உருவாகாத ஒரு கரு மற்றதன் இதயத்தை நம்பி வளர்ந்துகொண்டிருக்கலாம். அப்போது ஒரு கருவின் தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தை நிறுத்தி மற்றதைக் காப்பாற்றுவதைப் பற்றி மருத்துவர் பெற்றோரிடம் பேச வேண்டியிருக்கும். ‘ஹவுஸ்’ எபிசோட் தொப்புள்கொடி முடிவைத் தாயா பிள்ளையா என்று மருத்துவர்களின் மோதலாக, சில நொடிகளில் காட்டியது. மயக்கத்தில் இருக்கும் தாயால் பேச முடியாது. நிஜத்தில் இந்த முடிவு பெற்றோருடையது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கேட்டதையே திரும்பக் கேட்டு, வீட்டுக்குப் போய் அழுது, மறுநாள் திரும்பி வந்து எடுக்கும் முடிவு அது.

ஒப்புதல் பெறும் காட்சிகளில் தொடர்கள் பொதுவாகவே பலவீனமானவை. ‘கிரேஸ் அனாடமி’, ‘ஹவுஸ்’ இரண்டின் இரண்டாவது சீசன்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அலசி 2010இல் வெளியிட்ட கட்டுரையில், நோயாளியின் ஒப்புதல் சார்ந்த 49 சம்பவங்களைக் கண்டார்கள். முன்மாதிரி என்று சொல்லத்தக்கவை அவற்றில் 43 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு குறை இருந்தது.

பார்ப்பவர் மனத்தில் பதிவது

கதைதானே, பாடப்புத்தகமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கதை பதிந்துவிடுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

1996இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, ‘ஈஆர்’, ‘சிகாகோ ஹோப்’, ‘ரெஸ்க்யூ 911’ ஆகியவற்றின் 97 எபிசோடுகளில் இதயத்துடிப்பை மீட்கும் முதலுதவியைக் கணக்கிட்டது. நான்கில் மூன்று பேர் அந்த நேரத்தில் உயிர் மீள்கிறார்கள். 67 சதவீதத்தினர் வீடு திரும்பும் அளவுக்குத் தேறுகிறார்கள் என்று திரை காட்டியது. நிஜ மருத்துவமனைகளின் கணக்கு இதற்கு எட்டாத தூரத்தில் இருந்தது. 2018இல் ‘கிரேஸ் அனாடமி’யின் 269 எபிசோடுகளில் வந்த 290 விபத்து நோயாளிகளை நிஜ நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. திரையில் இறப்பு அதிகம்: நிஜத்தில் 7 சதவீதம், தொடரில் 22 சதவீதம். பிழைப்பவர்களோ விரைவாக வீடு திரும்பிவிடுகிறார்கள். திரையில் ஒன்று சாவு, இல்லையேல் சீக்கிரக் குணம். நீண்ட, அரைகுறையான, தளர்வான தேறுதல் என்ற நடுப்பகுதி காணாமற்போகிறது. இரட்டைக் கரு விஷயத்தில் காணாமற்போவதும் அதே நடுப்பகுதிதான்.

நம்பிக்கை தரும் சான்று 2008இல் கிடைத்தது. கைசர் குடும்ப அறக்கட்டளை, ‘கிரேஸ் அனாடமி’யின் எழுத்தாளர்களோடு சேர்ந்து ஒரு கர்ப்பிணியின் கதையை வைத்தது. அவருக்கு எச்ஐவி தொற்று. சரியான சிகிச்சை எடுத்தால் குழந்தை தொற்றில்லாமல் பிறக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை அந்த எபிசோட் ஓர் எண்ணோடு தெளிவாகச் சொன்னது. அந்த வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று அறிந்திருந்த பார்வையாளர்கள் முன்பு 15 சதவீதம். எபிசோடுக்குப் பிறகு 61 சதவீதம். ஆறு வாரம் கழித்தும் 45 சதவீதம். கருவிலிருக்கும் குழந்தையின் வாய்ப்பு பற்றிய ஒரு எண்ணைக் கதைக்குள் வைத்தால் மக்கள் அதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். தொடரும் அதனால் நின்றுவிடவில்லை. நிகழ்தகவைச் சொன்னால் நாடகம் செத்துவிடும் என்ற வாதம் இதோடு விழுகிறது.

வேறு விதமாகவும் சொல்லலாம்

மாற்று வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி சர்ஜன்ஸ் கட்’ ஆவணத் தொடரின் முதல் பகுதி நிக்கோலைடிஸைப் பற்றியது. விழித்திருக்கும் தாயிடம் பேசிக்கொண்டே அவர் லேசர் செய்வதை அதில் பார்க்கலாம். திரையில் தெரியும் மங்கலான நஞ்சுக்கொடியே போதுமான பதற்றத்தைத் தருகிறது. வயிற்றைத் திறந்து காட்ட வேண்டிய தேவையே எழவில்லை.

தென்கொரியாவின் ‘ஹாஸ்பிட்டல் பிளேலிஸ்ட்’ தொடரின் ஐந்து நண்பர்களில் ஒருவர் மகப்பேறு மருத்துவர் யாங் சியோக்-ஹியோங். இரண்டாவது சீசனில், 19 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்த ஒரு பெண் அவரிடம் வருகிறார். வாய்ப்பு குறைவு என்பதை மறைக்காமல், முயன்று பார்க்க விரும்பும் தாயின் பக்கம் அவர் நிற்கிறார். அங்கே கத்தி இல்லை, ஓட்டம் இல்லை. ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேசுவதே காட்சி. லேசருக்குப் பிறகு பனிக்குடம் உடைந்த பல தாய்மார் உட்கார்ந்த நாற்காலி அது. ஜப்பானில் 2015, 2017 ஆண்டுகளில் வந்த ‘கோனோடோரி’ தொடர், மகப்பேறு மருத்துவரையும் பச்சிளங்குழந்தை மருத்துவரையும் ஒரே குழுவாக வைத்ததால், பிரசவத்தோடு கதை முடிந்துவிடாமல் இன்குபேட்டர் அறைவரை நீண்டது. பார்ப்பவரைக் கட்டிப்போட மேதையும் அவசரமும் கட்டாயமில்லை என்பதை இவை காட்டிவிட்டன.

செய்ய வேண்டியது

நம் ஊரிலும் இந்தத் தொடர்கள் கைப்பேசி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன. இரட்டைக் கரு என்று தெரிந்த அன்று இரவே அவற்றின் காட்சிகள் மனத்தில் ஓடும். அவை சொல்லாத, ஆனால் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் நன்றாகக் கண்டுபிடிக்க முடியும். இரு கருக்களுக்கும் இடையிலான சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தை அப்போது பார்க்கிறார்கள். சவ்வு மெல்லியதாக, ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் நேராக வந்து இணைந்தால் நஞ்சுக்கொடி ஒன்று. சேரும் இடத்தில் திசு முக்கோணமாகத் தடித்திருந்தால் இரண்டு. நாட்கள் போகப்போக இந்த அடையாளம் மங்கிவிடும். ஒன்று என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும். நோயை முதல் நிலைகளிலேயே பிடிப்பதும் முற்றிய பின் பிடிப்பதும் இந்த எளிய ஒழுங்கைப் பொறுத்தது. எந்த மேதையின் விரலும் தவறவிட்ட ஸ்கேனை ஈடுகட்டாது.

தொடர்களை எழுதுபவர்களிடம் கேட்பதும் அதிகமில்லை. டிடிடிஎஸ் கதையை எடுத்தால் அதை ஒரே எபிசோடில் முடிக்காமல் நான்கைந்து வாரம் ஓடவிடலாம். நோயாளி அத்தனை வாரமும் மருத்துவமனைக்கு வந்துபோகிறவர்தான். மருத்துவர் வாயால் மூன்று வாய்ப்புகளையும் எண்களோடு சொல்ல வைக்கலாம். தாய்க்கு ஒரு பெயரும் வேலையும் பயமும் கொடுத்து, அவர் வாயால் கேள்வி கேட்க வைக்கலாம். பிறகு, எப்போதாவது ஒரு முறை, ஒரு குழந்தையை மட்டும் வீட்டுக்கு அனுப்பலாம். அப்படி ஒரு கதை வந்தால், அதே முடிவோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், தன் துக்கமும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று பொய்யாக்குவதில்லை என்று அறிவார். அவரைப் பார்க்க வரும் உறவினரும் ‘ஒன்றாவது கிடைத்ததே’ என்று சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்பார். மக்களின் மனத்தில் ஓர் எண்ணைப் பதியவைக்க முடிந்த ஊடகத்தால் இதையும் செய்ய முடியும். செய்ய வேண்டும்.